இறுகிய தோலும் இளகும்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் அலுமாரிகளையும் றங்குப் பெட்டிகளையும் திறந்து உடுப்புகளை வெயிலில் போடுவது எங்கள் வீடுகளில் வழமை. அவ்வேளையில் அடியில் கிடந்த தோல் கைப்பை, இடுப்புப் பட்டி, சப்பாத்து என்பவை பூஞ்சணம் பூத்தோ, பலகை போல இறுகியோ வெளியில் வரும். "இனி இது உதவாது" என்று எறிந்துவிட்டுக் கடையில் புதிதாக ஒன்றை வாங்குகின்றோம். வாங்குவது பெரும்பாலும் றெக்சினாகவே இருக்கும். அது சில வருடங்களில் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். நாம் எறிந்ததோ அசல் தோல். சற்றுக் கவனித்திருந்தால் இன்னும் பல வருடங்கள் உழைத்திருக்கும்.

தோலை இளக்குவதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பொறுமையும் சில விடயங்களைப் பற்றிய விளக்கமும் இருந்தால் போதும்.

தோல் ஏன் இறுகுகின்றது?

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத நார்கள் பின்னிப் பிணைந்த ஒரு பொருள். பச்சைத் தோல் அழுகிவிடும். அது அழுகாதிருக்கவே பதனிடுகின்றார்கள். முற்காலத்தில் ஆவரசு போன்ற மரஞ்செடிகளின் துவர்ப்புள்ள பட்டைகளால் பதனிட்டார்கள். இன்று உலகில் பெரும்பகுதித் தோல் குரோமிய உப்பினால் பதனிடப்படுகின்றது. பதனிட்ட பின்னர் தோலுக்கு எண்ணெய் ஊட்டுவார்கள். அந்த எண்ணெய் நார்களுக்கு இடையே நின்று, தோல் வளையும்போது நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவுகின்றது.

காலம் செல்ல அந்த எண்ணெய் குறைகின்றது. மழையில் நனைவதும் வெயிலில் காய்வதும் இதனை விரைவுபடுத்தும். எண்ணெய் படாத தலைமுடி வறண்டு சிக்குப்படுவதைப் போல, எண்ணெய் வற்றிய தோலின் நார்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதுவே இறுக்கம். இந்த நிலையில் எண்ணெயைத் திரும்ப ஊட்டினால் தோல் இளகும்.

சூட்டினால் வரும் இறுக்கம் வேறு விதமானது. பட்டையால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கையில் ஏறத்தாழ 70 முதல் 85 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே சுருங்கிவிடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய், மழையில் நனைந்த மகனின் சப்பாத்தை மறுநாள் பள்ளிக்கூடத்துக்காக அடுப்பங்கரையில் காய வைத்தார். காலையில் அது இரண்டு அளவு சிறுத்து, கல்லாகிக் கிடந்தது. இப்படிச் சுருங்கிய நார்கள் எந்த எண்ணெய்க்கும் திரும்ப நீளமாட்டா.

முதலில் சோதியுங்கள்

* வெட்டு விளிம்பையோ உட்பக்கத்தையோ பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி தெரிந்தால் றெக்சின். அதற்கு எண்ணெய் பூசிப் பயனில்லை.

* மறைவான இடத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். ஊறிக் கறுத்தால் எண்ணெயையும் உறிஞ்சும். முத்துப்போல் நின்றால் மேலே நிறப்பூச்சு உண்டு. எண்ணெய் மிக மெதுவாகவே இறங்கும்.

* தொட்டதும் செந்நிறத் தூள் கையில் ஒட்டினால், அமிலத்தால் நார்களே அரிக்கப்பட்டுவிட்டன என்று பொருள். பழைய தோல் அட்டைப் புத்தகங்களில் இதனைக் காணலாம். இதற்கு மாற்று இல்லை. எண்ணெய் பூசினால் கறுத்து மேலும் கெடும். துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

* வெல்வெட் போன்ற மேற்பரப்புள்ள தோலுக்கு எண்ணெய் வேண்டாம். மிருதங்கத்தின் தோலும் வாரும் பதனிடாதவை. அவற்றை வாத்தியம் செய்பவரிடமே விட்டுவிடுங்கள்.

அப்பாவின் பை

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டு உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் அப்பாவின் தோல் பையில்தான் வந்தன. முன்மூடியை இரண்டு வார்கள் இழுத்துப் பூட்டும் பழைய காலத்துப் பை. அப்பா காலமான பின் அது திறக்கப்படவில்லை. அண்மையில் காணி விடயமாகக் கந்தோருக்கு உறுதியின் மூலப்பிரதி தேவைப்பட்டது. தவணைக்குப் பத்து நாட்கள் இருந்தன. வார்கள் இரண்டும் வளையத்தோடு சேர்ந்து இறுகியிருந்தன. சப்பாத்துத் தைப்பவர், "வாரை வெட்டினால்தான் முடியும்" என்றார்.

"வெட்டாதை பிள்ளை, அது கொப்பர் பூட்டினது" என்றார் அம்மா.

உள்ளே கடதாசிகள் இருந்தபடியால் தண்ணீரோ எண்ணெயோ கசியாமல் வேலை செய்யவேண்டியிருந்தது. முதல் நாள் பூஞ்சணத்தைத் துடைத்து நிழலில் காற்றாட விட்டேன். இரண்டாம் நாள் வார்களை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, விரல் நுனியில் ஆமணக்கெண்ணெய் தொட்டுத் தடவினேன். மூடியில் எண்ணெய் படாதிருக்க வாருக்கும் மூடிக்கும் இடையே பொலித்தீன் துண்டு வைத்தேன். அன்று வார் அசையவேயில்லை. மூன்றாம், நான்காம் நாட்களிலும் அவ்வளவேதான். ஐந்தாம் நாள் வாரின் நுனி சற்று வளைந்தது. ஆறாம் நாள் மாலை முதலாவது வளையம் கழன்றது. இரண்டாவது வாரில், பூட்டிய மடிப்பு ஏற்கனவே வெடித்திருந்தது. வெடிப்பை எண்ணெய் ஒட்டவைக்காது. அதனைச் சப்பாத்துத் தைப்பவர் பின்னால் ஒரு துண்டு வைத்துத் தைத்துத் தந்தார்.

உறுதி பழுதில்லாமல் இருந்தது. தவணைக்கு அம்மாவே அதைக் கொண்டுபோனார். இப்போது உறுதி தடித்த கடதாசி உறையில் அலுமாரியில் இருக்கின்றது. எண்ணெய் ஊட்டிய பையில் முக்கியமான கடதாசிகளை வைக்கக் கூடாது, கறை படியும்.

செய்யும் முறை

1. காய்ந்த மென்துணியால் தூசியைத் துடையுங்கள். பூஞ்சணம் இருந்தால் வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடையுங்கள். தொய்வு உள்ளவர்கள் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். துடைத்த துணியை எறிந்துவிடுங்கள்.

2. பின்னர் நீர் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் வேண்டாம். தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது; சவர்க்காரத்தின் காரம் அதனைக் கெடுக்கும்.

3. தோல் முற்றாகக் காய முன்னர், இலேசான ஈரப்பதம் இருக்கையில், எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு கைப்பைக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். உட்பக்கம் தோல் வெறுமையாக இருந்தால் அங்கு பூசுவதே நல்லது, நன்றாக உறிஞ்சும்.

4. ஒரு நாள் நிழலில் விடுங்கள். பின்னர் கையால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஒட்டிய நார்கள் பிரிவது இந்த அசைவினால்தான். முரடாக மடித்தால் வெடித்துவிடும். போதாவிட்டால் மீண்டும் மெல்லியதாகப் பூசுங்கள்.

5. இளகியதும் மிச்ச எண்ணெயைத் துடைத்து, தேன்மெழுகுக் களிம்பை இலேசாகப் பூசித் தேயுங்கள். நான்கு பங்கு ஆமணக்கெண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்த கிண்ணத்தில் உருக்கினால் களிம்பு தயார். மெழுகை நேரடியாக நெருப்பில் வைக்காதீர்கள்.

எந்த எண்ணெயானாலும் தோலின் நிறம் சற்றுக் கறுக்கும். மறைவான இடத்தில் பூசிப் பார்த்த பின்னரே முழுவதும் பூசுங்கள்.

எந்த எண்ணெய்?

ஆமணக்கெண்ணெய் காற்றில் காய்ந்து பிசினாகாது. தடிப்பானது என்பதால் மெதுவாகவே இறங்கும். தேங்காயெண்ணெயும் சாதாரண செருப்புக்கும் பட்டிக்கும் உதவும். ஆனால் அது 24 பாகை அளவில் உறையும். நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் தோலின்மேல் வெண்மையாகப் படியக்கூடும். நல்லெண்ணெய் நாட்செல்லச் சிக்கிப் பிசுபிசுக்கும். வஸ்லின் மேற்பரப்பில் ஈரத்தைத் தடுக்குமே தவிர உள்ளே அதிகம் இறங்காது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் மிக நல்லது. தோற்பொருள் கடைகளில் விற்கும் நீற்ஸ்புட் எண்ணெய் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. அதனை விரும்பாதவர்கள் கேட்டறிந்து வாங்குங்கள்.

மண்ணெண்ணெய், வெளிற்றும் திரவம், வினாகிரி ஆகியவற்றைத் தோலில் படவிடாதீர்கள். "ஊறட்டும்" என்று எண்ணெயில் அமிழ்த்தி வைப்பதும் தவறு. அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் தோலைத் தொய்யச் செய்து, தையலையும் பழுதாக்கும்.

மீண்டும் இறுகாதிருக்க

நனைந்த சப்பாத்தினுள் கடதாசி அடைத்து, நனைய நனைய மாற்றி, மின்விசிறிக் காற்றிலோ நிழலிலோ காய விடுங்கள். பைகளைப் பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய தலையணை உறை போதும். வடிவம் கெடாதிருக்க உள்ளே பருத்தித் துணியை அடையுங்கள். மாரி காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். களிம்பு வருடத்தில் ஓரிரு தடவை போதும்.

செயற்கைக் கால் அணியும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தோல் பட்டி இறுகினால் அது சருமத்தை உரசிப் புண்ணாக்கும். அதற்கு வீட்டில் எண்ணெய் பூச வேண்டாம். இளகிய பட்டி நீண்டு, கால் சரியாகப் பொருந்தாது போகலாம். நடக்கையில் விழவும் நேரிடும். காலைப் பொருத்திய நிலையத்துக்குக் கொண்டுசென்று பட்டியை மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் இந்த வாரமே அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். எறிவதற்கென்று ஒதுக்கியவற்றில் ஒன்றையாவது துடைத்து, எண்ணெய் தொட்டு, ஒரு வாரம் பொறுத்திருங்கள். தையல் விட்டதை ஊரிலுள்ள சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுங்கள். உங்கள் பொருளும் பிழைக்கும், அவருடைய தொழிலும் பிழைக்கும்.