மறுமொழி கூறும் சாவி

'சாவி' என்பது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். 'திறவுகோல்' என்பதே அதற்குரிய பழந்தமிழ்ச் சொல்லாகும். திறப்பதற்குரிய கோல் என்று அது பொருள்படும். பூட்டைத் திறப்பது ஒன்றே சாவியின் தொழிலாக இருந்த காலத்துக்கு அப்பெயர் முற்றும் பொருந்திற்று. ஆனால் இக்காலத்துக் கார்ச் சாவி, திறப்பதோடு நின்றுவிடுவதில்லை. வண்டி கேட்கும் கேள்விக்கு விடையும் கூறுகிறது. விடை தவறுமாயின், பூட்டு திறந்தாலும் வண்டி ஓடாது.

இவ்வுண்மையைப் பலர் சாவிக் கடையிலேயே அறிந்துகொள்கின்றனர். மாற்றுச் சாவி வெட்டித் தரும்படி கேட்கின்றனர். கடைக்காரர் பழைய சாவியை இயந்திரத்தில் பொருத்தி, பல்லுக்குப் பல் பிசகாமல் புதியதொன்றை வெட்டித் தருகிறார். அது கதவைத் திறக்கிறது. உள்ளே செருகினால் திரும்பவும் செய்கிறது. ஆனால் எஞ்சின் இயங்க மறுக்கிறது, அல்லது ஓரிரு நொடி இயங்கி அடங்கிவிடுகிறது. வெட்டியவர் கையில் குற்றமில்லை. இரும்பு படியெடுக்கப்பட்டது, இரும்போடு இருந்த இரகசியம் படியெடுக்கப்படவில்லை.

சாவியின் தலைக்குள் இருப்பது

சாவியின் பிளாஸ்டிக் தலைப்பகுதிக்குள் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிதான சில்லு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். இதனை டிரான்ஸ்பாண்டர் என்பர். அனுப்புதல், மறுமொழி கூறுதல் என்னும் பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி ஆக்கிய பெயர் இது. இரண்டாம் உலகப் போரில், வானில் வரும் விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா என்று அறிய, ரேடார் கேட்கும் 'கேள்விக்கு' விமானத்திலிருந்தே விடையளிக்கும் கருவியைப் பிரிட்டன் பயன்படுத்தியது. அதே கருத்துத்தான் இன்று சாவிக்குள் குடிபுகுந்திருக்கிறது.

இச்சில்லுக்கு மின்கலம் இல்லை. சாவித் துளையைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று அமைந்திருக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் அச்சுருளில் நொடிக்கு ஏறத்தாழ 125,000 முறை மாறும் மின்காந்தப் புலம் எழுகிறது. சில்லுக்குள் இருக்கும் சிறு சுருள் அப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்னாற்றலைப் பெற்று, விழித்துக்கொண்டு, பேசுகிறது. சில சென்டிமீட்டர் தொலைவுக்கு அப்பால் அதன் குரல் கேட்காது.

கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் பொத்தான் வேறு, இச்சில்லு வேறு என்பதை மறத்தலாகாது. பொத்தானுக்குரிய மின்கலம் தீர்ந்துபோனாலும், சாவியைச் செருகித் திருப்பினால் எஞ்சின் இயங்குவது இதனாலேயே.

இது வந்த வரலாறு

சாவிக்குள் இரகசியம் வைக்கும் முயற்சி 1986-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டின் கொர்வெட் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சாவித் தண்டில் ஒரு மின்தடையைப் பதித்தது. தடையின் அளவு சரியாக இருந்தால்தான் வண்டி இயங்கும். ஆனால் அளவுகள் 15 மட்டுமே. பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாக முயன்றால் வெற்றி பெறலாம். 1990-களில் டிரான்ஸ்பாண்டர் சில்லு அதன் இடத்தைப் பிடித்தது. அதனோடு இணைந்து எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திவைக்கும் கருவி இம்மொபிலைசர் எனப்படும்; இயக்கத் தடுப்பான் என்று கூறலாம். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லும், ஆஸ்திரேலியா 2001-லும், கனடா 2007-லும் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கின.

பயன் என்ன? நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையுள்ள கார்த் திருட்டுகளை ஆராய்ந்த பொருளியலறிஞர்கள், இக்கருவி திருட்டு வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என மதிப்பிட்டனர். அது இல்லாமையின் விளைவை அமெரிக்கா கண்டது. அந்நாட்டில் அதனைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. 2015-ஆம் ஆண்டுக் கார் வகைகளுள், பிற நிறுவனங்களுடையவற்றில் நூற்றுக்கு 96 இக்கருவியோடு வந்தன. ஹூண்டாய், கியா வகைகளிலோ நூற்றுக்கு 26 மட்டுமே. 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் அக்கார்களை யூ.எஸ்.பி. கம்பியின் நுனிகொண்டே இயக்கும் வழி காணொளிகளில் பரவ, பல நகரங்களில் திருட்டு பெருகியது. நாணயத்தைவிடச் சிறிய சில்லு இல்லாததால் வந்த கேடு இது.

கேள்வியும் விடையும்

தொடக்கத்துச் சில்லுகள் எப்போதும் ஒரே எண்ணையே கூறின. அதனை ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் வேறொரு சில்லில் எழுதிவிடலாம். எனவே பின்னர் வந்தவை வேறு முறையைக் கைக்கொண்டன. வகுப்பறை எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை எளிதில் விளக்கலாம்.

ஆசிரியரும் ஒரு மாணவனும் தமக்குள் ஒரு விதியை வைத்துக்கொள்கின்றனர்: சொன்ன எண்ணை 7-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டவேண்டும். ஆசிரியர் 4 என்கிறார். மாணவன் 31 என்கிறான். விதி வெளியே சொல்லப்படவில்லை; ஆயினும் மாணவன் அதனை அறிவான் என்பது உறுதியாயிற்று. மறுநாள் கேள்வி 9, விடை 66. நேற்றைய விடையை மனப்பாடம் செய்தவன் இன்று அகப்பட்டுக்கொள்வான். காரும் சாவியும் உரையாடுவது இவ்வாறே. கார் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் கூறும். சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடையளிக்கும். கார் தானும் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஆனால் கூர்த்த மதியுடைய மாணவன் ஒருவன் இரண்டு விடைகளையும் கேட்டிருந்தால் என்ன ஆகும்? கேள்வி 5 கூட, விடை 35 கூடியது. ஆகவே பெருக்கும் எண் 7 என்று கண்டுபிடித்துவிடுவான். விதி எளிதாயின் இரகசியம் நிலைக்காது. மெய்யாகவே இவ்வாறு நிகழ்ந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில்லொன்றில் இரகசிய எண் 40 பிட் நீளமுடையது; அதாவது ஒரு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட எண்களுள் ஒன்று. அது போதும் எனக் கருதப்பட்டது. 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுக்கூடத்தினரும், இரண்டே கேள்வி-விடைகளைக் கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் அவ்வெண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினர். அதன்பின் நீளமான எண்களும் வலுவான விதிகளும் சில்லுகளில் இடம்பெறலாயின.

படியெடுத்தலும் பதிவு செய்தலும்

இனி மாற்றுச் சாவிக்கு வருவோம். பற்களை வெட்டிய பின் சில்லுக்குச் செய்யவேண்டியது இருவகைப்படும்.

முதலாவது படியெடுத்தல். பழைய சில்லின் எண்ணை வெற்றுச் சில்லில் அப்படியே எழுதுவது. காருக்கு இதில் பங்கில்லை. இரண்டு சாவியையும் அது ஒன்றென்றே நினைக்கும். அதனால் ஒரு குறையும் உண்டு. இரண்டில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்க இயலாது; ஒன்றை நீக்கினால் மற்றதும் நீங்கும்.

இரண்டாவது பதிவு செய்தல். புதிய சில்லுக்குத் தனி எண் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் புதிய மாணவன் பெயரை எழுதுவதுபோல, காரின் நினைவகத்தில் அதனைச் சேர்க்கவேண்டும். யார் சேர்க்கலாம் என்பதே இங்கு முதன்மையான வினா. முன்பே பதிவான சாவிகள் சான்று கூறவேண்டும். அன்றி, இரகசிய எண்ணோடு ஆய்வுக் கருவியைக் காரில் இணைக்கவேண்டும்.

ஃபோர்டு நிறுவனம் 1996 முதல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய முறை இதற்கு நல்ல சான்று. அம்முறையைக் கொண்ட பல கார்களில், பதிவான சாவிகள் இரண்டு கையிலிருந்தால் உடைமையாளரே மூன்றாவதைச் சேர்க்கலாம். முதற்சாவியைச் செருகித் திருப்பி எடுத்து, சில நொடிக்குள் இரண்டாவதையும், அதன்பின் புதியதையும் அவ்வாறே செய்தால் போதும். இப்படி 8 சாவிகள் வரை சேர்க்கலாம். ஒரே சாவி உள்ளவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. ஆய்வுக் கருவி உள்ளவரை நாடவேண்டும். அக்கருவியும் ஏறத்தாழப் பத்து நிமிடம் காத்திருக்கச் செய்த பின்பே வழிவிடும். அவசரத்தில் இருக்கும் திருடனுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரும் தடை.

ஒரு சாவியும் இல்லாதவர் நிலை இன்னும் கடினம். 1990-களில் வந்த ஃபியட் கார்கள் சிலவற்றுடன் சிவப்பு நிறத் தலைமைச் சாவி ஒன்று தரப்பட்டது. அன்றாடம் ஓட்டுவதற்கன்று, பிற சாவிகளைப் பதிவு செய்வதற்கே அது பயன்பட்டது. அது தொலைந்தால் புதிய சாவி சேர்க்க வழியின்றி, எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற நேர்ந்தது. சில வெள்ளி மதிப்புள்ள பொருளை இழந்தவர், அதனினும் பன்மடங்கு செலவிட வேண்டியதாயிற்று.

அறியவேண்டுவன

ஆகவே, இரண்டாவது சாவி செய்யத்தக்க காலம், முதற்சாவி கையில் இருக்கும் காலமே. தொலைந்த பின் தேடுவது வெள்ளம் வந்த பின் அணை கட்டுவதாகும். பழைய கார் வாங்குவோர், எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று கேட்டறிதல் வேண்டும். பதிவு முழுவதையும் அழித்து, கையிலுள்ள சாவிகளை மட்டும் மீண்டும் பதிவு செய்தால், பிறர் கையில் தங்கிவிட்ட சாவியால் எஞ்சினை இயக்க இயலாது. கதவைத் திறக்க மட்டும் அதன் இரும்பு உதவக்கூடும். சாவிக்காரர் காரின் உரிமைப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் கேட்டால் சினங்கொள்ளலாகாது. கேளாமல் செய்து தருபவர் நாளை வேறொருவனுக்கும் அவ்வாறே செய்து தரக்கூடும்.

பூட்டுத் தொழில் அறிந்தவனிடம் இரும்பு கொடுத்தால் சாவி கிடைத்த காலம் ஒன்று. இன்று இரும்பு போதாது. வண்டி தன் பதிவேட்டில் பெயர் எழுதவேண்டும். அப்பெயரை எழுதும் உரிமை உடைமையாளரிடம் இருக்கும்வரை அந்தச் சிறு சில்லு நல்ல காவலன். கடைசிச் சாவியும் தொலைந்த அன்று, அதே காவலன் உடைமையாளரையே வாயிலில் நிறுத்திவிடுவான்.