புரோகுளோரோகாக்கசு

புரோகுளோரோகாக்கசு என்பது வெப்பமண்டல, மிதவெப்பமண்டலப் பெருங்கடல்களில் வாழும் நீலப்பச்சை பாக்டீரியப் பேரினம் ஆகும். அறியப்பட்ட ஒளிச்சேர்க்கை உயிரினங்களுள் இதுவே மிகச் சிறியது; உயிரணுவின் விட்டம் 0.5 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் 1,00,000-க்கும் மேற்பட்ட உயிரணுக்கள் காணப்படலாம்.

கண்டுபிடிப்பு

இதன் நுண்மையாலும் மங்கலான ஒளிர்வாலும் 1980களின் நடுப்பகுதி வரை இவ்வுயிரி அறியப்படவில்லை. உயிரணுக்களை ஒவ்வொன்றாகச் சீரொளிக் கற்றையின் ஊடே செலுத்தி எண்ணும் கருவியைக் கப்பலில் பயன்படுத்தி, சாலி சிசோம், ராபர்ட் ஓல்சன் முதலியோர் இதனைக் கண்டறிந்தனர். இது பற்றிய ஆய்வுக்கட்டுரை 1988இல் வெளியானது. 1992இல் தற்போதைய பெயர் இடப்பட்டது.

ஒளியைப் பற்றும் முறை

கடல்நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. தெளிந்த கடலில் நீல ஒளியே அதிக ஆழம் வரை செல்கிறது. இப்பேரினத்தில் வழக்கமான பச்சையத்திற்குப் பதிலாக இருவைனைல் பச்சையம் அ, ஆ ஆகிய நிறமிகள் உள்ளன. இவை நீல ஒளியை நன்கு உறிஞ்சுகின்றன.

பெரும்பாலான நீலப்பச்சை பாக்டீரியாக்கள் பைக்கோபிலிசோம் என்னும் பெரிய புரதத் தொகுதியால் ஒளியைத் திரட்டுகின்றன. அதனை அமைக்க நைதரசன் மிகுதியாகத் தேவை. புரோகுளோரோகாக்கசு வாழும் நீரிலோ நைதரசன் மிகக் குறைவு. எனவே இது மென்சவ்வில் பதிந்த சிறு புரதங்களில் பச்சையத்தைப் பிணைத்து, அவற்றையே ஒளியுணரிகளாகப் பயன்படுத்துகிறது.

ஒளியுணரி பெற்ற ஆற்றல் நிறமிக்கு நிறமி தாவி வினைமையத்தை அடைகிறது. அங்கிருந்து ஓர் எதிர்மின்னி (இலத்திரன்) வெளியேறுகிறது. அவ்விடத்தை நிரப்ப நீர் பிளக்கப்பட்டு ஆக்சிசன் வெளிப்படுகிறது. எதிர்மின்னியின் ஓட்டத்தால் மென்சவ்வின் ஒருபுறம் புரோத்தன்கள் குவிகின்றன. அவை மறுபுறம் திரும்பும்போது ஏடிபி உருவாகிறது. இவ்வாற்றலைக் கொண்டு கரியமில வாயு சர்க்கரையாக மாற்றப்படுகிறது.

சூழல் வகைகள்

மேற்பரப்பை அடுத்து வாழும் வகைகளில் பச்சையம் ஆ குறைவு. ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரை வாழும் மங்கலொளி வகைகளில் அதன் விகிதம் கூடுதலாக இருப்பதால், மிகக் குறைந்த ஒளியிலும் அவை வளர்கின்றன.

மரபுத்தொகையும் சார்பும்

மேற்பரப்பு வகையான எம்ஈடி4-இன் மரபுத்தொகை ஏறத்தாழ 16.6 இலட்சம் இணைகளை மட்டுமே கொண்டது. ஐதரசன் பெராக்சைடை அழிக்கும் கேட்டலேசு நொதி இதில் இல்லை. அந்நச்சை நீக்க இது அண்டை பாக்டீரியாக்களைச் சார்ந்துள்ளது.

முக்கியத்துவம்

புரோகுளோரோகாக்கசு கடல் உணவுச் சங்கிலியின் அடித்தளங்களுள் ஒன்று. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியசைக் கடக்கும்போது இதன் பிரிவு வேகம் குறைவதாக 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. கடல் வெப்பமடைந்தால் வெப்பமண்டல நீரில் இதன் தொகை குறையக்கூடும். அது இதனை உண்ணும் நுண்ணுயிர்களையும் பாதிக்கலாம்.