குஞ்சுக் கொட்டகைக்குக் கம்பியில்லா உணர்கருவி

கறிக்கோழி வளர்ப்போருக்கு முதல் மூன்று வாரம்தான் கண்டம். தாய்க்கோழி தரவேண்டிய சூட்டைப் பல்பு தருகிறது. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது வழக்கமான கணக்கு. 300 குஞ்சுகளுக்கு 600 வாட். இரவும் பகலும் எரிந்தால் நாளொன்றுக்கு 14 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும்.

எப்போதும் எரிய வேண்டுமா? முதல் வாரம் குஞ்சுகளுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். சித்திரை மாத மதிய வேளையில் கொட்டகைக்குள் இந்தச் சூடு தானாகவே இருக்கும். அப்போது எரியும் பல்பு காசையும் தின்னும், குஞ்சுகளையும் வாட்டும். மார்கழி விடியற்காலையில் நிலைமை நேர்மாறு.

இதைக் கவனிக்கச் 'சென்சார்' எனப்படும் உணர்கருவி உதவும். பெரிய அலுவலகக் கட்டிடங்களில் மின்செலவைக் கட்டுப்படுத்தப் பயன்படும் கருவிதான் இது. ஜெர்மனியில் 2001-ல் தொடங்கப்பட்ட எனோஷன் நிறுவனம் இதில் முன்னோடி. கால்குலேட்டரின் தலையில் கறுப்புப் பட்டை ஒன்று இருக்குமே, அதுபோன்ற சூரியத் தகடு இதிலும் உண்டு. நேர் வெயில் வேண்டாம், கொட்டகை வெளிச்சமே போதும். பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து, வெப்பத்தை அளந்து, வானொலி அலை மூலம் சுவிட்சுப் பெட்டிக்குச் சேதி அனுப்பிவிட்டு மறுபடியும் உறங்கும். சூடு மிஞ்சினால் பெட்டி பல்பை அணைக்கும், குறைந்தால் போடும். எலி கடிக்கக் கம்பியே கிடையாது.

கருவியைக் குஞ்சின் முதுகு உயரத்தில், பல்புக்கு நேர் கீழே வராமல் மாட்டவேண்டும். கூரையில் மாட்டினால் கூரையின் சூட்டைத்தான் சொல்லும். கோழிக் கொட்டகையில் தூசி அதிகம். சூரியத் தகட்டை அடிக்கடி உலர்ந்த துணியால் துடையுங்கள். தகரத் தடுப்பு அலையை மறிக்கும், எனவே நடுவில் தகரம் வராமல் பெட்டியை வையுங்கள். புதுக்கருவியை முதலில் நல்ல வெளிச்சத்தில் வைத்து மின்சாரம் ஏற்றிக்கொள்வது நல்லது, இரவில் அதுதான் கை கொடுக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். கருவியிலிருந்து சேதி வராமல் நின்றுபோனால் பல்பு எரியுமா, அணையுமா? எரியும்படிதான் அமைக்கவேண்டும். வீணாகும் சில யூனிட் பெரிதல்ல. குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கினால் ஒரே இரவில் முதல் போய்விடும்.

வீட்டை ஒட்டி ஒரே கொட்டகை வைத்திருப்பவருக்கு இது அவசியம் என்று சொல்லமாட்டேன். சுவரில் ஒரு வெப்பமானி போதும். பல்படியில் குஞ்சுகள் குவிந்தால் குளிர், விலகி வாய் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி. தோட்டத்துக் கோடியில் இரண்டு, மூன்று கொட்டகை வைத்து, இரவில் டார்ச் விளக்கோடு நடப்பவர்கள் விலை விசாரிக்கலாம்.