மிலான் நகரத்து வழக்கு

ஒரு தேசத்துச் சர்வகலாசாலையில் அந்தத் தேசத்துப் பாஷைக்கு இடம் உண்டா என்று நியாயஸ்தலத்தில் போய்க் கேட்க வேண்டிவருமா? இத்தாலியில் வந்தது. இத்தனைக்கும் இத்தாலி ஒருபோதும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்ததில்லை!

மிலான் நகரத்துப் பாலிடெக்னிக் சர்வகலாசாலை 1863-இல் ஸ்தாபிதமாயிற்று. ரசாயன சாஸ்திரத்துக்காக 1963-இல் நோபல் பரிசு பெற்ற ஜூலியோ நட்டா அங்கே படித்து, அங்கேயே ஆசிரியராக விளங்கியவர். அவர் கற்றதும் கற்பித்ததும் இத்தாலிய பாஷையில்தான்.

அத்தகைய கலாசாலையின் கல்விச் சபையார் 2012-இல் ஒரு தீர்மானம் செய்தார்கள். 2014 முதல் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்புகளையும் டாக்டர் பட்டப் படிப்புகளையும் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவது என்பது அது. அந்நிய தேசத்து மாணாக்கர்கள் வருவார்கள், நம் பிள்ளைகளுக்கு உலகெங்கும் உத்தியோகம் கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆசிரியர்களில் ஏறக்குறைய நூறு பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் கீழ்க் கோர்ட்டில் அவர்களுக்கே வெற்றி. அப்பீல் மேலே போயிற்று. 2017-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்ன முடிவு இது: ஆங்கிலத்தில் பாடம் நடத்தலாம், ஆனால் ஒரு படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் மட்டுமே வைத்து இத்தாலிய பாஷையை வெளியேற்றலாகாது. அப்படிச் செய்தால் தேச பாஷையின் முதன்மை போகும். ஆங்கிலம் அறியாத மாணாக்கருக்குக் கல்வியின் வாயில் அடைபடும். ஆசிரியரின் சுதந்திரமும் குன்றும்.

இதே இத்தாலியில் ஒரு காலத்தில் லத்தீன்தான் பண்டிதர்களின் பாஷை. கலீலியோ அதை நன்கு அறிந்தவர். ஆயினும், பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்ற பெரிய விவாதத்தை 1632-இல் இத்தாலிய பாஷையிலேயே நூலாக எழுதினார். கலாசாலைக்கு வெளியே இருந்தவர்களும் அதைப் படித்தார்கள்.

இங்கேதான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. இன்று விஞ்ஞானக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. அதைக் கற்காமல் தீராது. மிலானிலும் பல படிப்புகள் ஆங்கிலத்தில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு சாஸ்திரத்தைச் சொந்தப் பாஷையில் யாருமே போதிக்காவிட்டால், புதிய பொருள்களுக்கு அந்தப் பாஷையில் பெயர் பிறக்காது. பாலம் கட்டும் எஞ்சினீயரிடம், அதன்மேல் நடக்கப்போகும் குடியானவன் ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்ல அவருக்கு வார்த்தை அகப்படாது. அந்த நூறு ஆசிரியர்கள் கோர்ட்டுப் படி ஏறியது வீண்போகவில்லை.