எதிரொலியில் வரும் நரம்புச் செய்தி

2016 ஆகஸ்டில், அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மிஷெல் மஹர்பிஸ், ஹோசே கார்மேனா குழுவினர் ஓர் எலியின் கால் நரம்பில் பதித்த கருவியைப் பற்றி அறிவித்தார்கள். நீளம் 3 மில்லிமீட்டர். பேட்டரி கிடையாது. ஆனாலும் நரம்பில் ஓடிய மின்துடிப்பு உடலுக்கு வெளியே பதிவானது. ‘நரம்புத் தூசி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

உடலுக்குள்ளிருந்து செய்தி அனுப்புவது புதிதல்ல. பேஸ்மேக்கர்கள் பல ஆண்டுகளாக ரேடியோ அலையில் அதைச் செய்கின்றன. அவற்றில் பேட்டரி வைக்க இடம் உண்டு. கருவி மணல் பருக்கை அளவுக்குச் சுருங்கினால் அந்த இடம் போய்விடும். ஆன்டெனாவும் உதவாது. மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்ட 402–405 மெகாஹெர்ட்ஸ் அலை, தசைக்குள் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. அவ்வளவு நீண்ட அலையிலிருந்து ஒரு துகளால் போதிய ஆற்றலைப் பிடிக்க முடியாது.

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் மீயொலி இங்கேதான் கைகொடுத்தது. 1 மெகாஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம் திசுவில் 1.5 மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து மீயொலித் துடிப்புகளை அனுப்பினால் துகளில் உள்ள படிகம் அதிர்ந்து மின்சாரம் தரும். நரம்பின் மின்னழுத்தம் மாறும்போது, படிகத்தோடு இணைந்த டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் மாறும். படிகத்தின் அதிர்வு மாறும். திரும்பி வரும் எதிரொலியும் மாறும். அந்த மாற்றம்தான் செய்தி. துகள் தானாக எந்த அலையையும் உண்டாக்குவதில்லை. இந்தத் துறையில் இதைவிட அழகான சிக்கனத்தைக் காண்பது அரிது.

2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கென் ஷெப்பர்ட் குழு, 0.1 கன மில்லிமீட்டருக்கும் குறைவான சிப் ஒன்றை எலிகளின் உடலில் செலுத்தியது. ஊசி வழியாகவே போகக்கூடிய அந்தச் சிப் உடல் வெப்பத்தை அளந்து மீயொலியில் சொல்லும்.

உண்மையான நானோ அளவுக்கு இயன் அக்யில்டிஸ், ஜோசப் ஜோர்னெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறு வழி வகுத்தார்கள்: கிராஃபீன் ஆன்டெனா, டெராஹெர்ட்ஸ் அலை. ‘1’ என்பதற்கு நொடிப்பொழுதிலும் நுண்ணிய ஒரு துடிப்பு. ‘0’ என்பதற்கு மௌனம். செய்தியில் ‘1’ குறையக் குறையச் செலவும் குறையும். ஆனால் டெராஹெர்ட்ஸை நீர் கடுமையாக உறிஞ்சிவிடும். மனித உடலோ பெரும்பாலும் நீர். எனவே நோயாளிக்கு முதலில் பயன்படப்போவது மீயொலிதான் என்று நம்ப இடமிருக்கிறது.

அதற்கும் ஒரு தடை உண்டு: மண்டையோடு மீயொலியை வெகுவாகத் தணித்துவிடும். மூளையை இலக்காக வைத்துப் பெர்க்லி குழு 2013-இல் தீட்டிய முதல் திட்டத்திலேயே, துகள்களோடு பேசும் கருவியை மண்டையோட்டுக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கருவிக்கான மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும்.