பேத்தமங்கலம் ஏரியிலிருந்து கடல்வரை: ஃபைபர் படகு கட்டிய காலம்



"மைசூர் மைன்ஸ்காரனுக்கும் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று இந்தத் தலைப்பைப் பார்த்தவுடன் நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் ஊரிலிருந்து கடல் 200 கிலோமீட்டருக்கு மேல். நம் முன்னோர் வடஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கத்திலிருந்து வந்து பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. இறங்கத் தெரிந்த நமக்கு மிதக்கத் தெரியுமா?

தெரியும் என்று காட்டியவர் என் தாய்மாமா. அவர் செய்த தொழிலை, நான் கண்டும் கேட்டும் பிறகு படித்தும் அறிந்த அளவில், இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பாலாறு காட்டிய வழி

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் பக்கம் கடந்து, கல்பாக்கத்தை ஒட்டிய வயலூரில் கடலைச் சேர்கிறது. அந்தப் பாலாற்றை மறித்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் மைன்ஸுக்குக் குடிதண்ணீர் குழாயில் வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வு நாளில் அங்கே போய்ப் படகு விடுவார்களாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம்மவர்களுக்கு அது கட்டுச்சோறு கொண்டுபோய் உட்கார்ந்து வரும் இடம்.

என் தாத்தாவுக்கு மைன்ஸ் இருமல். கல்லைத் துளைக்கும்போது கிளம்பும் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. மாமா அதைப் பார்த்தே வளர்ந்தவர். "நான் ஷாஃப்ட்ல எறங்கமாட்டேன். தூசி இல்லாத வேலையா பாத்து போறேன்" என்று சொல்லிவிட்டு, 1970-களின் கடைசியில் மெட்ராஸுக்கு ரயில் ஏறினார். வட சென்னையில் ஒரு ஃபைபர் கொட்டகையில் வேலை கிடைத்தது. பேத்தமங்கலத்துத் தண்ணீர் போய்ச் சேரும் கடலுக்கே தானும் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

கட்டுமரமும் பாயும்

அன்று சோழமண்டலக் கரையில் கட்டுமரம்தான் ராஜா. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் அவர்கள் இன்று அந்தப் பேரால் அழைப்பது இரட்டை உடல் கொண்ட படகை. நம்முடையது லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆணி கிடையாது. அலை மேலே விழுந்தால் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும். எனவே முழுகாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரத்தை மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் அல்லவா?

1983 கோடை விடுமுறையில் மாமாவின் சிநேகிதர் ஒருவர் என்னைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனார். முக்கோணப் பாயை விரித்ததும் இழுத்த இழுப்பு இன்றும் என் கையில் இருக்கிறது. இதில் ஒரு கணக்கு உண்டு. இரவில் தரை சீக்கிரம் குளிரும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். பகலில் தரை சூடாகும். காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும். விடிவதற்குள் ஒரு காற்றில் போய், பகலில் மறு காற்றில் திரும்பலாம். எண்ணெய்ச் செலவே இல்லை. பக்கவாட்டில் இழுத்துப் போகாமலிருக்க மரங்களுக்கிடையே ஒரு பலகையைச் செருகுவார்கள். துடுப்பே சுக்கானாகவும் இருக்கும்.

கண்ணாடி எப்படிப் படகானது?

கண்ணாடி உடையும் பொருள். ஆனால் அதையே முடியைவிட மெல்லிய இழையாக இழுத்தால் இழுவைக்கு இரும்பு போல நிற்கும். 1930-களில் அமெரிக்காவில் இந்த இழையைப் பெருமளவில் செய்யக் கற்றார்கள். பிறகு பாலியெஸ்டர் ரெசின் என்ற கோந்து வந்தது. 1942-இல் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் இரண்டையும் சேர்த்து ஒரு சிறு பாய்ப்படகு செய்தார். நம் சுவரில் வைக்கோல் கலந்த மண் எப்படி விரியாமல் நிற்கிறதோ அதே தத்துவம்தான். இழை வலிமை தருகிறது. கோந்து அதைப் பிடித்து வைக்கிறது.

நம் கரைக்கு இது வந்ததில் வங்காள விரிகுடாத் திட்டத்துக்கும் பங்குண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் சுவீடன் நாட்டு உதவியோடு 1979-இல் மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய திட்டம் அது. துறைமுகம் இல்லாத கரையில், அலையைத் தாண்டி நேரே மணலில் ஏறக்கூடிய ஃபைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்தார்கள். கட்டுமரத்துக்கு நல்ல மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மீனவர்கள் மெல்ல மெல்லப் புதிய படகுக்கு மாறினார்கள்.

அச்சும் கோந்தும்

வீடு கட்டினால் கடைசியில்தான் வர்ணம் அடிப்போம். ஃபைபர் படகில் எல்லாம் தலைகீழ். முதலில் அச்சு, அதைத் தொழிலில் மோல்டு என்பார்கள். அதன் உட்புறத்தில் மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். இல்லையென்றால் படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து வர்ணம் கலந்த ஜெல்கோட். அதன் மேல் வெட்டிய இழைகளால் ஆன மேட் விரித்து, கோந்து ஊற்றி, உருளையால் உருட்ட வேண்டும். பிறகு நெய்த இழைத் துணி, மறுபடி மேட். ஆக, படகின் வெளிப்புறம் முதலிலும் உட்புறம் கடைசியிலும் பிறக்கிறது!

"உருட்டறதுதாண்டா வேலையே. உள்ள காத்து நின்னா அங்கதான் ஒடையும்" என்பார் மாமா. வெள்ளையாகத் தெரிந்தால் காற்று இருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கோந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கோந்தை இறுக வைக்க நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கேட்டலிஸ்ட் போதும். முன்னதாக ஆக்சிலரேட்டர் எனும் கோபால்ட் திரவம் சிறிது சேர்த்திருப்பார்கள். இவை இரண்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது. வெடிக்கும் அபாயம் உண்டு. ஒரே மூச்சில் கனமாகப் போட்டாலும் சூடேறி விரிசல் விடும். ஈரக் காற்றும் மழையும் ஆகாது. படிப்பு இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று இதை இளக்காரமாக நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் வானிலை, ரசாயனம், கணக்கு மூன்றும் விரல்நுனியில் இருக்க வேண்டும்.

தூசிக்குத் தப்பினாரா?

இங்கேதான் எங்கள் குடும்பத்தின் கவலை. படகின் ஓரத்தை அறுத்துத் தேய்க்கும்போது கிளம்பும் கண்ணாடித் தூசி கொட்டகை முழுதும் மிதக்கும். கையெல்லாம் அரிப்பு, கண் எரிச்சல், தொண்டைக் கமறல். ஊருக்கு வந்தபோது பாட்டி, "தூசிக்குப் பயந்து ஓடனியே, இப்ப இன்னாடா இது?" என்று அழுதாள்.

இரண்டும் ஒன்றா? இல்லை. சுரங்கத் தூசியில் இருப்பது படிக வடிவச் சிலிக்கா. அதன் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பு உண்டாக்கும்; அதுவே சிலிகோசிஸ். 1940-களில் தங்கவயல் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் இருந்தது. படகுக்கான கண்ணாடி இழையில் சிலிக்கா இருந்தாலும் அது படிக வடிவில் இல்லை. இழையும் தடிமன் என்பதால் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஆகவே சிலிகோசிஸ் பயம் இதில் இல்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கோந்திலிருந்து வரும் காரமான நெடி ஸ்டைரீன் ஆவி. அது தலைவலி, மயக்கம் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது. திறந்த காற்று, சரியான முகமூடி, கையுறை, ஈரம் வைத்துத் தேய்த்தல் ஆகியவை இருந்தால் பெருமளவு தப்பலாம். மாமாவுக்குக் கிடைத்ததோ ஈரத் துண்டு ஒன்றுதான். நம் பிள்ளைகளில் யாராவது இன்று இந்தத் தொழிலில் இருந்தால் இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

சுனாமிக்குப் பிறகு

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. நம்மவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடத் தொடங்கினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகக் கரையின் படகுகள் நொறுங்கின. உதவிப் பணம் குவிந்தது. ஊருக்கு ஊர் ஃபைபர் கொட்டகை முளைத்தது. நாகப்பட்டினம் பக்கம் அந்தப் படகுக்கு 'மாருதி' என்றே பேர். மாமாவுக்கு வயது ஐம்பது தாண்டியிருந்தது, மறுபடி கூப்பிட்டார்கள்.

அவர் போன ஒரு கொட்டகையில் அவசரமும் ஆசையும் சேர்ந்து ஒரு அடுக்கு மேட்டைக் குறைக்கச் சொன்னார்கள். "மேல பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?" என்றார்களாம். மாமா உருளையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த மாதம் வீட்டில் கடன். அத்தை கோபித்துக்கொண்டாள். "உள்ள ஒக்காந்து போறவன் நம்மள நம்பித்தானே போறான். நம்ம அப்பன் கேஜ்ல எறங்கும்போது கயித்த நம்பலையா?" என்று மட்டும் சொன்னார். சுரங்கத்தில் பிறந்தவனுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

இன்று கரையோரம் போனால் கட்டுமரம் அரிதாகிவிட்டது; பாயும் போய் எஞ்சின் சத்தம்தான். ஃபைபர் படகு மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. உடைந்தவை மணலில் கிடக்கின்றன. லாபத்தோடு வந்த நஷ்டம் இது.

ஆனால் பாய்க்கலை அழிந்துவிடவில்லை. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தில் உண்டு. நம் ராணுவப் பொறியாளர் படையினர் 'திரிஷ்ணா' என்ற 37 அடி ஃபைபர் பாய்ப்படகில் 1985-87-இல் உலகைச் சுற்றினார்கள். கோவாவில் மரத்தின் மேல் கண்ணாடி இழை போர்த்திக் கட்டிய 'மாதேய்' படகில் திலீப் தோந்தே 2009-10-இல் தனியாளாகச் சுற்றி வந்தார். அச்செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டியபோது மாமா கேட்டது ஒன்றே: "உருட்டனவன் பேரு போட்டிருக்கானா?"

போடவில்லை. சொந்தங்களே, நம் வீடுகளிலும் பேர் போடாத தொழில்காரர்கள் இருக்கிறார்கள். சுரங்கத்தை விட்டு வெளியேறி வெல்டராக, தச்சராக, மோல்டு வேலைக்காரராக ஊர் ஊராய்ப் போனவர்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மலருக்கு அதை அனுப்புங்கள். என் பங்குக்கு மாமாவின் வேலையை இங்கே எழுதிவிட்டேன்.