கேன்வாஸ் அறையில் நாய்க்கும் ஓர் இடம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மிடில்பரி என்றோர் ஊர். 1968-இல் அங்கே லாய்டு பான்ட்ரேகர் என்பவர் தம் பண்ணைக் கட்டடங்களிலேயே ஜேகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவரிடம் இருந்த மூலதனம் ஒரு பொறி. மடக்கிக் கிடக்கும் வண்டியின் கூரையை நான்கு மூலையிலும் ஒரே சீராகத் தூக்கும் பொறி அது. வெளியே நின்று கைப்பிடியைச் சுற்றினால், இடுப்புயரப் பெட்டி ஆள் நிமிர்ந்து நிற்கும் அறையாகிவிடும். இரு முனைகளிலும் படுக்கைப் பலகைகளை வெளியே இழுத்துக் கேன்வாஸை மாட்டினால் ஒரு குடும்பமே படுக்கலாம். பாப்-அப் கேம்ப்பர் என்பது இதுதான். மிச்சிகனில் அப்பாச்சி, பென்சில்வேனியாவின் சாமர்செட்டில் கோல்மன் என்று அந்தக் காலத்தில் இதைச் செய்தவர்கள் பலர்.

இழுத்துச் சென்றது வீட்டுக் கார்தான். ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் போன்ற பெரிய ஸ்டேஷன் வேகன்கள் ஏறக்குறைய இரண்டு டன் எடை. தனி இரும்புச் சட்டத்தின்மேல் பொருத்திய உடல், முன்னால் வி-8 எஞ்சின். பின்னால் அரை டன் கேம்ப்பரை மாட்டினாலும் அந்தக் காருக்கு அது ஒரு பாரமில்லை. அதனால் வாங்க வந்தவர் எடையை விசாரிப்பது அபூர்வம். எத்தனை பேர் படுக்கலாம், என்ன விலை, அடுப்பு உண்டா என்பதோடு பேச்சு முடியும். விடுதி வாடகை கட்டுப்படியாகாத எத்தனையோ குடும்பங்கள் கோடை விடுமுறையில் மலையையும் ஏரியையும் பார்த்தது இந்த வண்டிகளால்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இவற்றின்மேல் தனி மரியாதை உண்டு.

அந்த விசாரணையில் நாய்க்கு இடமில்லை. நாய் கூட வரவில்லை என்று அர்த்தமில்லை, வந்தது. பகலில் வண்டிக்கடியில் நிழலில் கட்டுண்டு கிடந்தது, இரவில் காரின் பின்பக்கத்தில் உறங்கியது. வீட்டிலேயே அது முற்றத்துப் பிராணியாக இருந்த காலம். ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் தம் பூடில் நாய் சார்லியோடு, சரக்கு வண்டியின்மேல் கட்டிய அறையில் நாட்டைச் சுற்றிவந்தார். 1962-இல் வெளியான அவருடைய பயண நூலில் அந்த நாய்தான் துணைவன், பேச்சுத் துணையும்கூட. ஆனால் அவர் தனி ஆள்; வண்டியும் அவருக்கென்றே செய்தது. நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன தொழிலாளியின் கேம்ப்பருக்குள் நாய் படுக்கத் தரை ஏது?

இன்று நாய்க்குக் குடும்பத்தில் இருக்கும் இடம் வேறு. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வெள்ளத்திலேயே தங்கிவிட்டவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளுக்கும் வழி செய்யவேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வெள்ளத்தில் கைவிடாத நாயை விடுமுறைக்குப் போகும்போது யார் வண்டிக்கடியில் கட்டுவார்கள்? கேம்ப்பர் வாங்கப் போகும் குடும்பம் இப்போது நாய் எங்கே படுக்கும் என்பதையும் கேட்கிறது.

நாய் உள்ளே வந்த அதே காலத்தில் கார் சிறுத்துவிட்டது. ஹோண்டா சிஆர்-வி அமெரிக்காவில் இழுக்க அனுமதி பெற்ற எடை 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. டொயோட்டா சியன்னா போன்ற குடும்ப வேனுக்கு 3,500 பவுண்டு, ஏறக்குறைய 1,590 கிலோ. பலர் இந்த ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பது. டயர் வெடித்து நேர்ந்த விபத்துகளையடுத்து 2000-இல் வந்த சட்டம் இந்த ஒட்டுத்தாளை இன்றைய தெளிவுக்குக் கொண்டுவந்தது. நாயும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஒட்டுத்தாள் 400 கிலோ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் இருவர் 150, பிள்ளைகள் இருவர் 70, லாப்ரடார் இரண்டு 60. ஆக 280 ஆகிவிட்டது. கேம்ப்பர் சாமான்களோடு 650 கிலோ என்றால், அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காரின் கொக்கியில் அழுத்தவேண்டும். அப்போதுதான் வேகத்தில் பின்வண்டி ஆடாது. பன்னிரண்டு சதவீதம் என்று எடுத்தால் 78 கிலோ. அதையும் கார்தான் சுமக்கிறது. மீதி 42 கிலோவுக்குள் துணிமணி, ஐஸ்பெட்டி, நாய்த்தீனி, நாய்க்கூண்டு எல்லாம் அடங்கவேண்டும். விளம்பரத்தில் போடும் எடையோ தண்ணீர், எரிவாயு, பேட்டரி எதுவும் இல்லாத வெற்று எடை. 75 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 75 கிலோ கூடும். நிரம்பிய சிறு எரிவாயு உருளை 17 கிலோ. ஆகவே இலகுவான வண்டி என்று விற்பவர் சொன்னால், நிரப்பிய பிறகு எவ்வளவு என்று கேளுங்கள்.

எடை சரியாக வந்தபின் தரையைப் பாருங்கள். இந்த விஷயத்தில் பழைய வடிவத்துக்கு ஒரு பலம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கேன்வாஸ் வகையில் படுக்கைகள் இரண்டும் பெட்டிக்கு வெளியே நீள்வதால், இரவில் நடுத்தரை காலியாகக் கிடக்கும். இரண்டு பெரிய நாய்கள் அங்கே நீட்டிப் படுக்கலாம். ஆலைனர் போன்ற முக்கோணக் கூரை வண்டிகளில் சுவரும் கூரையும் கெட்டிப் பலகை. விரித்து நிறுத்தச் சில நிமிடங்கள் போதும். எடையும் பெரும்பாலும் 800 கிலோவை ஒட்டியே. ஆனால் படுக்கை பெட்டிக்குள்ளேயே இருப்பதால் நாய்க்கு மிஞ்சுவது ஒரு குறுகிய நடைவழி. வட கரோலைனாவில் செய்யும் சில்வன்ஸ்போர்ட் கோ 380 கிலோதான், சிறிய காரும் இழுக்கும். அதில் நிமிர்ந்து நிற்கலாம், ஆனால் சுவர் என்பது கூடாரத் துணிதான்.

துணி என்றதும் நகம் நினைவுக்கு வரவேண்டும். கேன்வாஸைக் காட்டிலும் முதலில் கிழிவது கொசுவலை. அணில் ஓடினால் போதும், கதவின் கீழ்ப்பாதி வலையை நாய் ஒரே பாய்ச்சலில் கிழித்துவிடும். கீழ்ப்பாதியில் தெளிவான அக்ரிலிக் தகடோ கம்பித் தடுப்போ பொருத்திக்கொள்வது மலிவான, நல்ல ஏற்பாடு. அதைவிடக் கவலைக்குரியது படுக்கை விளிம்பு. பல வண்டிகளில் கேன்வாஸின் அடிப்பக்கம் வெல்க்ரோவாலோ இழுவைக் கயிற்றாலோதான் பலகையோடு பிணைந்திருக்கும். முப்பது கிலோ நாய் தூக்கத்தில் அதன்மேல் சாய்ந்தால் அது பிரிந்து, நாய் வெளியே விழும். நாய் தரையில்தான் படுக்கவேண்டும் என்று நான் சொல்வது கண்டிப்பினால் இல்லை, அதன் பத்திரத்துக்காக.

வெயில்தான் பெரிய கேள்வி. அன்றைய நாய் வண்டிக்கடியில் நிழலிலும் காற்றிலும் இருந்தது. கேன்வாஸ் அறைக்குள் அடைபட்ட இன்றைய நாய்க்கு அந்த நிழல் கிடையாது. கூரையில் குளிர்சாதனம் வைக்கலாம்தான். அது நாற்பது கிலோவுக்குப் பக்கம், அந்த எடையைக் கூரை தூக்கும் கம்பிவடம் தாங்கவேண்டும், மின் இணைப்பும் வேண்டும். தேசியப் பூங்கா முகாம்களில் பெரும்பாலும் மின் இணைப்பு கிடையாது. நாயைக் கட்டிப்போட்டுவிட்டு அகலவும் அங்கே அனுமதி இல்லை. ஆறடிக்கு மேற்படாத வாரோடு யாராவது கூடவே இருக்கவேண்டும். மெயின் மாநிலத்தின் அகேடியா பூங்காவில் நூறு மைல் அளவுக்கு நாயோடு நடக்கலாம். யெல்லோஸ்டோனில் நடைபாதைகளில் நாய்க்கு இடமே இல்லை, சாலையையும் முகாமையும் ஒட்டி நூறு அடிக்குள்தான். அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கேன்வாஸ் கேம்ப்பருக்கும் அனுமதி கிடையாது. கரடிகள் நடமாடும் இடம். எங்கே போகப்போகிறோம் என்பதே சுவர் எதனால் ஆகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கோல்மன் வண்டிகள் உருவான அந்தச் சாமர்செட் தொழிற்சாலை 2011-இல் மூடப்பட்டுவிட்டது. கேன்வாஸ் வகையைச் செய்பவர்கள் இன்று வெகு சிலர். எனக்கு இது உண்மையான வருத்தம், ஏனென்றால் சிறு பிள்ளைகளும் இரண்டு நாய்களும் உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு இன்றும் நான் சொல்வது அதைத்தான். பிள்ளைகள் வளர்ந்து போய், கணவன் மனைவியும் நாயும் மட்டும் என்றால் முக்கோணக் கூரை சரி. பழைய வண்டி வாங்குவதானால் தரைப் பலகையின் மூலைகளை மிதித்துப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே ஈரம் ஊறியிருக்கிறது. கூரையை முழுக்க ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். கேன்வாஸை முகர்ந்தால் பூஞ்சை வாடை தெரிந்துவிடும். நனைந்தபடியே மடக்கி வைத்த வண்டி அது. நாயையும் கூட்டிப்போங்கள். படி உயரம் அரை மீட்டருக்குப் பக்கம் இருக்கும், இளம் நாய்க்கு ஒரே தாவல். மூட்டு வலிக்கும் கிழ நாய் அங்கேயே தயங்கி நின்றால், சரிவுப் பலகை ஒன்றுக்கும் அந்த 42 கிலோவில் இடம் வையுங்கள்.